கடிகாரத்தில் தூசி

"சாண்டா ஃபேயில ஒரு நாள் உச்சிப்பொழுதே வரலை. நான்தான் வர விடலை," என்றாள் தெல்ஃபினா. "சூரியன் வந்து, 'அம்மா, தலைக்கு மேல ஏறிக்கட்டுமா?'ன்னு பணிவா கேட்டுச்சு. 'அங்கேயே நில்லு, எங்க வேலை இன்னும் முடியலை'ன்னேன். நின்னுச்சு. கோழி கூட முட்டை போடுறதைப் பாதியில நிறுத்திட்டுக் காத்துக்கிட்டிருந்துச்சு."

மார்பைப் படமெடுத்துப் பார்க்கும் மேமோகிராம் நிலையத்தின் காத்திருப்பு அறை. உள்ளே எந்திரம் ஏதோ கோளாறு செய்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன பெண் திரும்பி வரவே இல்லை. ரோஜா நிறக் கவுனை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு பெண்கள், ரயில் தவறவிட்ட கும்பல் போல உட்கார்ந்திருந்தார்கள். பவுடர், அக்குள் சென்ட் எதுவும் பூசிக்கொண்டு வரக்கூடாது என்பது விதி. அதனால் அறைக்கு அதன் சொந்த வாசனை இருந்தது.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் பக்கத்தில் கண்ணை மூடியிருந்த லிப்ராதா. தெல்ஃபினாவின் தங்கை. படம் எடுக்க வந்தவள் அவள்தான். தெல்ஃபினா சும்மா துணை. "காலையில மோராவுல வண்டி ஏறினப்போவே சொன்னேன், எனக்கு அலுத்துப் போச்சுக்கா. இந்தக் கவுனும் போதும், உன் கதையும் போதும்."

"உனக்குச் சொல்லலைடி. இந்தப் பொண்ணுக்குச் சொல்றேன்."

இந்தப் பெண் என்றது வெர்லிண்டாவை. நவஹோ பழங்குடிப் பெண், நாற்பது வயதுக்காரி, முதல் தடவை வந்திருக்கிறாள். பயத்தில் காது வளையத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். இப்போது சிரித்துவிட்டாள்.

"சூரியனை எப்படி நிறுத்தினீங்க, பாட்டி?"

"தூசித் துணியால."

"அப்படி எதுவும் நடக்கலை," என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

தெல்ஃபினாவுக்கு உள்ளுக்குள் மத்தாப்பு பூத்தது. ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பவில்லை. அந்தக் குரல் வரவேண்டும் என்றுதானே இவ்வளவு சத்தமாக ஆரம்பித்தாள்! மகளுக்குத் துணையாக வந்து, முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு, தொண்ணூறை நெருங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கிழவர் உள்ளே நுழையும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஹார்லன் பிளெட்சோ. தெற்கே எண்ணெய்க் கிணறும் மாடும் விளையும் சீமையின் முன்னாள் செனட்டர். அவருக்கு அவளைத் தெரியவில்லை. மாநிலத் தலைநகர் சாண்டா ஃபேயில், அதே செனட்டில் வாசல்காரி வேலை பார்த்தவள் அவள். கதவு திறந்துவிடுகிறவளை எந்தச் செனட்டர் பார்த்தார்?

"நீங்க அங்கே இருந்தீங்களா, ஐயா?" என்று பால் வடியும் முகத்தோடு கேட்டாள்.

"இருந்தேன். செனட்டர் பிளெட்சோ. அந்த நாள், அந்த மசோதா, அந்தக் கடிகாரம், எல்லாம் எனக்குத் தெரியும். கடிகாரம் நிக்கலை."

முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக தெல்ஃபினா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஒருவர் நம்பியதில்லை. மோராவில் யாராவது திருமணத்துக்குத் தாமதமாக வந்தால் "தெல்ஃபினா கடிகாரம் பார்த்து வந்தியா?" என்று கேட்பார்கள். பேரன் பேத்திகள் அவள் வாயைத் திறந்தாலே "பாட்டி சூரியனை நிறுத்தப் போறாங்க" என்று ஓடுவார்கள். அன்று சபையில் இருந்தவர்களில் மசோதாவைக் கொண்டுவந்த செனட்டர் ஒத்தீலியா போய்விட்டாள். சபைத் தலைவர் போய்விட்டார். மிச்சம் இருப்பது இந்தத் தொப்பிக்காரர் ஒருவர்தான். இவரும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினால் தெல்ஃபினா நிரந்தரப் புளுகுணி. எண்பத்து நான்கு வயதில் அந்தப் பட்டத்தோடு போக அவளுக்கு மனமில்லை.

"சொல்லுங்க பாட்டி," என்றாள் வெர்லிண்டா. "எந்திரம் சரியாகிறதுக்குள்ள சொல்லுங்க."

தெல்ஃபினா சொன்னாள். அவள் சொன்னதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் கதை இதுதான்.

அவர்கள் மூன்று சகோதரிகள். மூத்தவள் கிளியோஃபாஸுக்கு மார்பில் கட்டி. மோராப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே எக்ஸ்ரே எந்திரம், குதிரையிலிருந்து விழுந்தவன் காலைப் படமெடுக்க வாங்கியது. அதில்தான் அவள் மார்பையும் எடுத்தார்கள். படத்தில் பனிப்புயல் மாதிரி ஒரே வெள்ளை. ஒன்றுமில்லை, போய் வா என்றார்கள். போனாள், திரும்பி வந்தபோது டாக்டருக்குச் செய்வதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு லிப்ராதா அந்த வயதை நெருங்கினாள். பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமையல் வேலை, அதற்கொரு இன்சூரன்ஸ். ஆல்புகெர்க்கி நகரத்தில் மார்புக்கென்றே செய்த எந்திரம் இருந்தது. ஆனால் வியாதி இல்லாதவள் படத்துக்கெல்லாம் காசு தரமாட்டோம், வியாதி வந்த பிறகு வாருங்கள் என்றது இன்சூரன்ஸ்.

"நான் தரேன்னேன், ஐயா. கேட்டாளா?" என்று தெல்ஃபினா கையை விரித்தாள். "'அக்கா கிட்ட தர்மம் வாங்கி மாரைக் காட்டணுமா? செனட் சட்டம் போடட்டும், அன்னைக்குப் போறேன்'னா. செனட் போடாதுன்னு அவளுக்குத் தெரியும். மூணு தடவை அந்த மசோதா வந்து செத்திருந்துச்சு."

"இப்பவும் அதையேதான் சொல்வேன்," என்றாள் லிப்ராதா, கண்ணைத் திறக்காமல்.

காசு வெறும் சாக்குதான் என்பது தெல்ஃபினாவுக்கு அன்றே தெரியும். தங்கைக்குப் பயம். கிளியோஃபாஸைக் குளிப்பாட்டி உடுத்தியவள் லிப்ராதாதான். அந்தப் பயத்தைப் பிடுங்க எந்த அக்காவாலும் முடியாது. சாக்கைப் பிடுங்கலாம். அதற்கு ஒரு சட்டம் வேண்டும்.

ஒத்தீலியா கொண்டுவந்த மசோதா பெரிய விஷயம் எதையும் கேட்கவில்லை. முப்பத்தைந்து தாண்டியவளுக்கு ஒரு படம், நாற்பது தாண்டினால் இரண்டு வருடத்துக்கு ஒன்று, ஐம்பது தாண்டினால் வருடா வருடம்; இன்சூரன்ஸ் தர வேண்டும். காலைப் படமெடுக்கும் எந்திரத்தில் மார்பைப் படமெடுக்கக் கூடாது. அவ்வளவுதான். நான்காவது தடவையாக அது செனட்டுக்கு வந்தது, கூட்டத்தொடரின் கடைசி நாள் காலையில்.

அந்த ஊர்ச் சட்டம் இதுதான்: கடைசி நாள் உச்சி மணி பன்னிரண்டு அடித்தால் சபை கலையும். ஓட்டுக்குப் போகாத மசோதா அங்கேயே செத்தது. அடுத்த வருடம் நடப்பது குட்டிக் கூட்டத்தொடர், பட்ஜெட்டைத் தவிர வேறு பேச மாட்டார்கள். ஆக, இரண்டு வருடம் கழித்துத்தான் மறுபிறப்பு. இரண்டு வருடம் கழித்து லிப்ராதாவுக்குக் கிளியோஃபாஸின் வயது.

"அன்னைக்குச் சபையைப் பார்க்கணுமே!" என்றாள் தெல்ஃபினா. "பட்ஜெட்டுக்கு அடிச்சுக்கிட்டு மூணு வாரம் யாரும் தூங்கலை. ஒரு செனட்டர் நின்ன வாக்குல தூங்கினார், அவர் தோள்ல இன்னொருத்தர் சாஞ்சு தூங்கினார், ரெண்டாவது ஆளோட மீசையில ஒரு சிலந்தி கூடு கட்டி குஞ்சும் பொரிச்சிருச்சு."

"சிலந்தி எல்லாம் இல்லை," என்றார் பிளெட்சோ.

"சரி, குஞ்சு பொரிக்கலை."

ஆனால் அலுப்பு நிஜம். குப்பைக் கூடைகளில் பாதி தின்ற பரிட்டோ ரொட்டிச் சுருள்கள். வறுத்த மிளகாய் வாசனை திரைச்சீலையில் ஏறி, மூன்று வாரமாக இறங்கவில்லை. ஒத்தீலியாவின் குரல் கட்டிவிட்டது, மசோதாவைப் பற்றிக் கிசுகிசுப்பில்தான் பேசினாள். நான்கு கூட்டத்தொடர்களாக அதே வாக்கியங்கள். அவளுக்கே அவை காது புளித்துவிட்டன என்பது முகத்தில் தெரிந்தது. வாசலில் நின்ற தெல்ஃபினாவின் கால்கள் வீங்கிச் செருப்பை மீறி வழிந்தன.

அப்போது ஹார்லன் பிளெட்சோ எழுந்தார். சபைத் தலைவரின் தலைக்கு மேல் சுவரில் தொங்கிய பெரிய ஊசல் கடிகாரம் பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருப்பதாகக் காட்டியது. பிரீமியம் ஏறும் என்று இரண்டு வாக்கியம் சொன்னார். பிறகு தன் அப்பாவின் பண்ணையில் இருந்த காற்றாலைகளைப் பற்றி ஆரம்பித்தார்.

"ஒவ்வொரு காற்றாலைக்கும் ஒரு பேரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரலாறு," என்றாள் தெல்ஃபினா. "வெளியே நின்ன போலீஸ் குதிரை முழங்காலை மடக்கிப் படுத்துடுச்சு."

வெர்லிண்டா புரியாமல் பார்த்தாள். "காற்றாலைக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லை, கண்ணு. மணி பன்னிரண்டு ஆகிற வரைக்கும் பேசணும், அவ்வளவுதான். அவர் பேசுற வரைக்கும் ஓட்டு இல்லை."

"அது ஒரு செனட்டரோட உரிமை," என்றார் பிளெட்சோ.

"யாரு இல்லைன்னா?"

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. கடைசி நாளில் பட்ஜெட்டோ, பெரிய மனிதர் யாருடைய மசோதாவோ நேரத்துக்குள் முடியாமல் இழுத்தால், சபைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கடிகாரத்துல தூசி பிடிச்சிருக்கே" என்பார். வாசல்காரர்களில் ஒருவர் ஏணியும் துணியும் எடுத்துப் போய்த் துடைப்பார். துடைக்கும்போது ஊசலில் கை பட்டுக் கடிகாரம் நின்றுவிடும். சபையில் எல்லாரும் அந்த நேரம் பார்த்துக் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். சுவரில் பன்னிரண்டு ஆகாத வரை சபைக்குப் பன்னிரண்டு ஆகவில்லை. வேலை முடிந்ததும் மறுபடி தூசி தென்படும், மறுபடி துடைப்பார்கள், ஊசல் ஆடும், மணி அடிக்கும்.

ஆனால் அன்று தலைவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. பெண்களின் மார்புக்காகக் கடிகாரத்தில் தூசி பிடித்ததாகச் சரித்திரமே இல்லை. அவர் கன்னத்தில் கை ஊன்றி, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று உட்கார்ந்திருந்தார். ஒத்தீலியா அவரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு தன் மேஜைக் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள். தோற்றவர்கள் அடுக்குவது போல, ஓரங்களைச் சரிசெய்து சரிசெய்து. வாசலிலிருந்து தெல்ஃபினா அதைப் பார்த்தாள். எல்லாம் கைவிட்டுப் போச்சு என்று தோன்றியது. அந்தச் சமயத்தில் கோபம் கூட வரவில்லை, தூக்கம்தான் வந்தது. ராத்திரி மோராவுக்குப் போனதும் லிப்ராதா "என்னக்கா, செத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

தெல்ஃபினா போய் ஏணியை எடுத்தாள்.

"நாற்பது படி ஏணி. வண்டிச் சக்கரம் அளவு கடிகாரம். மேலே போகப் போகக் குளிர். பக்கத்துல ஒரு கழுகு..."

"மூணு படி ஏணி," என்றார் பிளெட்சோ.

அறை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. தெல்ஃபினா பல் தெரியாமல் சிரித்தாள்.

"ஏணியைப் பார்த்தீங்களா, ஐயா?"

"யாரோ ஒரு பொம்பளை தூசி துடைச்சா. துடைச்சா, அவ்வளவுதான். கடிகாரம் நிக்கலை."

"சரிதான், ஐயா. துடைச்சேன். ஏறும்போது வேலை போச்சுன்னு நெனச்சேன். யாரும் சொல்லாம ஏறினவ சபையிலேயே நான் ஒருத்திதான். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சு. ஊசலைப் பிடிச்சேன், கன்னுக்குட்டி மாதிரி ஒரு தடவை முண்டிட்டு அடங்கிடுச்சு. கீழே இறங்கித் திரும்பினா, தலைவர் என்னையே பார்க்கிறார். என் உயிர் செருப்புக்கு வந்துடுச்சு. அவர் மெதுவா கண்ணாடியைக் கழற்றினார். துடைச்சார். 'ரொம்ப நாளா இருந்த தூசி'ன்னார். மறுபடி கன்னத்துல கை."

அதற்குப் பிறகு பிளெட்சோ பேசினார். பன்னிரண்டுக்குப் பத்து இருக்கும்போது காற்றாலைகள் தீர்ந்தன. பன்னிரண்டுக்குப் பத்து இருக்கும்போது மாடுகளுக்கு வரும் வயிற்றுப்போக்கை எடுத்தார். பன்னிரண்டுக்குப் பத்து இருக்கும்போது சிவப்பு மிளகாயா பச்சை மிளகாயா என்று தன்னோடு தானே வாதாடித் தோற்றார். பிறகு ஒரு மிளகாய் டப்பாவின் ஒட்டுக்காகிதத்தை வாசித்தார், முதலில் இங்கிலீஷில், பிறகு தனக்குத் தெரியாத ஸ்பானிஷில். வெளியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாடு முடிந்து வகுப்புக்குத் திரும்பினார்கள். சன்னலில் வெயில் தூணைத் தாண்டி நகர்ந்தது. உள்ளே பன்னிரண்டுக்குப் பத்து.

"இருங்க பாட்டி," என்றாள் வெர்லிண்டா. "கடிகாரம் நின்னதை அவர் பார்த்திருப்பாரே. மணி ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை கத்தியிருந்தா முடிஞ்சு போயிருக்குமே? ஏன் கத்தலை?"

"அதுக்கு முந்தின கூட்டத்துல ஐயா ஊருக்கு ஒரு ரோடு வந்துச்சு. அன்னைக்கும் கடிகாரத்துல தூசி இருந்துச்சு. இது செல்லாதுன்னு சொன்னா அதுவும் செல்லாது."

"அந்த ரோடு சட்டப்படி வந்த ரோடு!" என்றார் பிளெட்சோ. தொப்பி முழங்காலிலிருந்து கீழே விழுந்தது.

வெர்லிண்டா அதை எடுத்துக் கொடுத்தாள். அன்று சபையில் கடைசியாக அவர் கால் மடங்கியது, அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தின் நடுவில், 'மற்றும்' என்ற சொல்லில், உட்கார்ந்துவிட்டார். ஒத்தீலியா கிசுகிசுப்பில் ஓட்டுக் கேட்டாள். தூங்கியவர்களை முழங்கையால் இடித்து எழுப்பி ஓட்டெடுத்தார்கள். ஜெயித்தது. தலைவர் மறுபடி தூசியைக் கண்டுபிடித்தார், தெல்ஃபினா மறுபடி ஏறினாள், ஊசலைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் உச்சி மணி பன்னிரண்டு அடித்தது. வெளியே நிழல்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து கிடந்தன. யாரும் கைதட்டவில்லை. கைதட்ட யாருக்கும் தெம்பில்லை.

"ராத்திரி வீட்டுக்குப் போனேன். இவ ரொட்டி தட்டிக்கிட்டிருந்தா. 'செத்துப்போச்சா?'ன்னா. 'இல்லைடி, பொழைச்சிருச்சு. கிளம்பு'ன்னேன். ரொட்டியைக் கல்லுல போட்டுட்டு அப்படியே நின்னா. கருகிப் புகையற வரைக்கும் நின்னா."

"சட்டம் அமலுக்கு வரட்டும்னு சொன்னேன்," என்றாள் லிப்ராதா. இப்போது கண்ணைத் திறந்திருந்தாள். "கோடையில வந்துடுச்சு. போனேன். பைன் கொட்டை அளவு ஒண்ணு இருந்துச்சு. எடுத்துட்டாங்க. அதுலேருந்து வருஷா வருஷம் இழுத்துக்கிட்டு வரா."

வெர்லிண்டா காது வளையத்தை மாட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே எந்திரம் முனகும் சத்தம் கேட்டது.

"நல்ல சட்டம்," என்றார் பிளெட்சோ தரையைப் பார்த்து. "இன்னைக்குச் சொல்றேன், நல்ல சட்டம். ஆனா நேரத்துக்குள்ள நிறைவேறின சட்டம். கடிகாரம் நிக்கலை. சபைக் குறிப்பைப் பாருங்க."

அந்த வார்த்தைக்காகத்தான் தெல்ஃபினா அத்தனை வருடமும் காத்திருந்தாளோ என்னவோ. பெருமூச்சு விட்டாள். அலுத்துப்போனவள் போலத் தலையை ஆட்டினாள்.

"நீங்க சொன்னா சரிதான், ஐயா. நான் கிழவி, கூட்டிக் குறைச்சுச் சொல்றவ. கடிகாரம் நிக்கவே இல்லை. சபைக் குறிப்புல என்ன இருக்கு? நீங்க எழுந்தது பன்னிரண்டுக்கு இருபது இருக்கும்போது. உட்கார்ந்தது பன்னிரண்டுக்குப் பத்து இருக்கும்போது." வெர்லிண்டா பக்கம் திரும்பினாள். "ஐயா பத்து நிமிஷம் பேசினார், கண்ணு. பத்தே நிமிஷம். அதுக்குள்ள காலு மடங்கிடுச்சு. பாவம், அப்ப அவருக்கு அம்பது வயசுதான் இருக்கும்."

பிளெட்சோவின் கழுத்து சிவந்தது.

"எங்க ஊர் பாதிரியாரே அதை விட அதிகமா பேசுவார்," என்றாள் லிப்ராதா. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அக்காவின் கதையில் முதல்முறையாகக் கை கொடுத்தாள்.

"கல்யாணத்துல வாழ்த்துச் சொல்ல எழுந்திரிக்கிறவனே பத்து நிமிஷம் பேசுவான்," என்றாள் தெல்ஃபினா. "சரி, விடு. எல்லாராலேயும் முடியுமா?"

உள் கதவு திறந்தது. கவுனை மாற்றிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டியபடி, அறுபது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பிளெட்சோவின் மகள் ஓபல்.

"முடிஞ்சதுப்பா. எந்திரம் தகராறு பண்ணினதுல லேட். என்னப்பா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"உங்க அப்பாவோட பழைய பேச்சைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம், அம்மா," என்றாள் தெல்ஃபினா. "மேமோகிராம் மசோதா அன்னைக்கு."

"ஐயோ!" என்று ஓபல் நெற்றியில் கை வைத்தாள். "உங்க கிட்டேயும் சொல்லிட்டாரா? ரெண்டு மணி நேரம் நின்ன இடத்துல நின்னு பேசினேன், இந்த மாநிலத்துல எவனும் அப்படிப் பேசினதில்லைன்னு. எத்தனையோ வருஷமா கேட்கிறோம். எங்க அம்மா ஒரு தடவை போய்ச் சபைக் குறிப்பையே பார்த்துட்டு வந்தாங்க. பத்து நிமிஷம்னு இருக்கு! சாகிற வரைக்கும் அம்மா அதைச் சொல்லிச் சிரிச்சாங்க. எங்க வீட்டுல யாராவது பெரிய பொய் சொன்னா, 'அப்பாவோட ரெண்டு மணி நேரம்'னு சொல்வோம்."

இதைத் தெல்ஃபினா எதிர்பார்க்கவில்லை. மாநிலத்தின் அந்தக் கோடியில், இன்னொரு வீட்டில், இன்னொரு கிழம், அதே நாளுக்காக அத்தனை வருடமும் புளுகுணிப் பட்டம் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. அவரைச் சீண்டும் ஆசை போய்விட்டது. ஏதோ ஒரு சோர்வு வந்தது. அந்த மத்தியானத்தின் சோர்வு, கால் வீக்கத்தோடு.

"லிப்ராதா அம்மா, வாங்க," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். லிப்ராதா எழுந்தாள். போகவில்லை. கவுனைப் பிடித்துக்கொண்டு கிழவரைப் பார்த்தபடியே நின்றாள்.

பிளெட்சோ தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். மகளைப் பார்த்தார். அப்புறம், முதல் தடவையாக, கதவு திறந்துவிட்டவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு படி ஏணி," என்றார். "நீலத் துணி. நீங்க கையை எடுத்ததும் ஊசல் செத்த எலி வால் மாதிரி தொங்குச்சு. என் பைக்குள்ள இருந்த கடிகாரத்தை மேஜைக்கடியில வெச்சுப் பார்த்தேன். நான் உட்கார்ந்தப்போ மணி ஒண்ணே முக்கால்." மகள் பக்கம் திரும்பினார். "ரெண்டு மணி நேரம் பேசினேன், ஓபல். கடிகாரம் நின்னுச்சு. இந்தம்மாதான் நிறுத்தினாங்க."